ஓமந்தையில் நின்றுபோன மின்சாரப் பாடம்

ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து மேசையில் வைக்கும்வரை நேசமலருக்கு இருந்தது ஒரேயொரு பயந்தான். மழை இருட்டிக்கொண்டு வந்தது. பைக்குள் இருந்த கடதாசிகள் நனைந்துவிடக் கூடாது.

சண்டை நின்று சமாதானம் வந்து நாலாவது வருஷம் அது. வன்னியிலுள்ள ஸ்கந்தபுரத்தில் அவளுடைய மகள் கௌசலா மார்கழியில் சாதாரண தரச் சோதனை எழுத வேண்டும். விஞ்ஞான ஆசிரியர் மாற்றலாகிப் போன பிறகு அந்தக் கதிரைக்கு ஆள் வரவில்லை. மின்சாரப் பாடம் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. கௌசலா வாய்விட்டு ஒன்றும் கேட்கிற பிள்ளை இல்லை. ஆனால் கோப்பையில் சோற்றை வைத்துக்கொண்டு, விடிந்தால் என்ன படிப்பது என்று தெரியாமல் அவள் யோசித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் தாய்க்கும் சோறு இறங்காது.

வவுனியாவில் ஓர் இன்டர்நெட் கடையில் வேலை செய்த றிம்ஸியாதான் வழி சொன்னாள். முல்லைத்தீவில் இருந்த காலத்தில் நேசமலருக்குப் பக்கத்து வளவுப் பிள்ளை. வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது சின்ன வயதிலேயே குடும்பத்தோடு வீடுவாசலை விட்டுத் துரத்தப்பட்டவள்.

"வெளிநாட்டில இருக்கிற ரீச்சர்மார் சேர்ந்து பள்ளிக்கூடப் பாடமெல்லாம் இன்டர்நெற்றில காசில்லாமச் சும்மா போட்டிருக்கினம் அக்கா. வாங்கோ, நான் அச்செடுத்துத் தாறன். சோதனை முடியக் கௌசலாவைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கட வீட்ட சாப்பிட்டால் போதும்."

ஊரில் இன்டர்நெட் இல்லை. அதனால் கடதாசியில்தான் கொண்டுபோக வேண்டும். நேசமலர் கணினித் திரையில் தன் கண்ணாலேயே பார்த்தாள். முத்து முத்தான தமிழ் எழுத்து. இதயத்தின் படம்கூட இருந்தது. அச்சு இயந்திரமோ மற்றக் கணினியில்தான் இணைத்திருந்தது. பஸ் வெளிக்கிடுகிற நேரமாகிவிட்டதால், றிம்ஸியா பாடத்தை அவசரமாக அந்தக் கணினிக்கு மாற்றி அச்செடுத்து, சூடு ஆறுமுன் மடித்துக் கையில் கொடுத்தாள். முதலில் பிள்ளைதான் விரித்துப் பார்க்க வேண்டுமென்று நேசமலர் அதைப் பிரிக்கவே இல்லை.

மேசைக்குப் பின்னாலிருந்த சிப்பாய் பிரித்தான். ஒரு தாளைப் பார்த்தான். அடுத்ததைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"அம்மா, இது என்ன?"

"பிள்ளையின்ர பாடம் சேர். தமிழ்."

"இது தமிழ் இல்லை. இங்கிலீசும் இல்லை. என்ன பாஷை?"

நேசமலர் குனிந்து பார்த்தாள். தாள் நிறைய ஆங்கில எழுத்துகள், நடுவில் புள்ளிகளும் அரைப்புள்ளிகளும். ஒரு சொல்லாவது சொல்லாக இல்லை. திரையில் தெரிந்த தமிழ் எங்கே போனதென்று அவளுக்கு விளங்கவில்லை.

வரிசையில் பின்னால் நின்ற ஊர்க்காரர் இளையதம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன நேசமலர், பேய்க்குக் கடிதம் எழுதிக்கொண்டு போறியோ?" என்றார். சிப்பாய் அதிகாரியைக் கூப்பிட்டதும் அவருடைய பகிடி நின்றது. தன் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல ஏலாது. அந்த இடம் அப்படிப்பட்டது.

அதிகாரி தமிழ் பேசினார். தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். இதயம் வந்தது. நெடுக்காக வெட்டிய செவ்வரத்தம் பூ வந்தது. அவர் முகம் கொஞ்சம் இளகியது. நேசமலருக்கும் மூச்சு வந்தது.

அடுத்த தாளில் பற்றரி, வயர், சுவிச். சுற்றிவர அதே விளங்காத எழுத்துகள்.

"இது?"

"பல்ப் எரிய வைக்கிறது சேர்." சொல்லும்போதே தன் குரல் தனக்கே பொய்போலக் கேட்டது. குண்டு செய்யலாமென்று ஒரு காலத்தில் வன்னிக்குள் பற்றரி கொண்டுபோகவே தடை இருந்தது.

"ஆர் எடுத்துத் தந்தது? பேரைச் சொல்லுங்க. கேட்டுப் பார்ப்போம். சரியென்றால் எல்லாத்தையும் கொண்டுபோகலாம்."

பெயர் நுனிநாக்கில் நின்றது. சொன்னால் பாடம் முழுதாக வீட்டுக்குப் போகும். சொன்னால் அந்தக் கடை வாசலில் ஜீப் வந்து நிற்கும். ஒருமுறை துரத்தப்பட்ட பிள்ளை.

"பேர் தெரியாது சேர். வவுனியா ரவுணில ஒரு கடை."

"தெரியாத ஆள் இவ்வளவு பாடம் எடுத்துத் தந்ததோ?"

"ஓம் சேர்."

அவள் மேசையோடு ஒட்டி நின்றாள். அதிகாரி தாள்களைத் திரும்பவும் ஒருமுறை புரட்டினார். பிறகு மின்சாரத் தாள்களை மட்டும் உருவி எடுத்து ஒரு கல்லின் கீழ் வைத்தார். மற்றவற்றை அவள் பக்கம் தள்ளினார்.

"போங்க."

வீட்டில் கௌசலா தாள்களை விரித்தபோது நேசமலர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒண்டும் வாசிக்கேலாது பிள்ளை. ஏதோ பிழைச்சுப்போச்சு. நான்தான் பிரிச்சுப் பாக்கேல்ல."

கௌசலா முகத்தைச் சுளித்தாள். பிறகு அவளுடைய விரல்கள் மேசைப் பலகையில் மெல்லத் தட்டத் தொடங்கின. கிளிநொச்சியில் கணினித் தட்டச்சு வகுப்புக்குப் போனவள் அவள்.

"அம்மா, இது தமிழ்தான். அச்செடுத்த கணினியில தமிழ் எழுத்துப் போட்டிருக்கேல்ல. எந்தத் தட்டச்சுக் கட்டையை அடிச்சதோ அந்த இங்கிலீஸ் எழுத்து வந்திருக்கு. நாங்களும் வகுப்பில எழுத்தை மாத்த மறந்துபோய் இப்பிடி அடிச்சு ஏச்சு வாங்கியிருக்கிறம்." விரலால் தட்டித் தட்டி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். "இ... த... ய... ம். இதயம் நான்கு அறைகளைக் கொண்டது."

நேசமலர் கதிரையில் இருந்துவிட்டாள்.

கௌசலா கடைசித் தாள்வரை புரட்டினாள். திரும்பவும் முதலிலிருந்து புரட்டினாள். "மின்சாரம் எடுக்கேல்லையே அம்மா?"

"எடுத்தது. அதை அவங்கள் வைச்சிட்டாங்கள்."

"உங்களை ஏதும் கேட்டவங்களோ?"

"சும்மா கேட்டவங்கள்."

பிள்ளை தாயின் கையைப் பார்த்தாள். எடுத்த தேத்தண்ணிக் கோப்பை குடிக்காமல் அப்படியே இருந்தது.

"அது இல்லாட்டிலும் எழுதுவன் அம்மா."

"அது இல்லாமல் எழுத வேண்டாம்." நேசமலர் கோப்பையைக் கீழே வைத்தாள். "வாற கிழமை திரும்பப் போறன். தமிழாத் தெரியுதோ எண்டு நான் ஒவ்வொரு தாளா வாசிச்சுப் பாத்திட்டுத்தான் பஸ் ஏறுவன்."

"அதே ஆள் இருந்தால்?"

இருக்கத்தான் செய்வார். முகத்தையும் மறந்திருக்க மாட்டார்.

"இருக்கட்டும்," என்றாள். "நீ இதயத்தை வாசி."