எட்டாவது கேள்வி

2000 செப்டம்பர், திங்கட்கிழமை காலை ஒன்பது மணி.

தென்கடல் கரும்புத் தீவில் ஆட்சி கவிழ்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. நாடி ஊர்ப் பக்கம் இந்தியக் குடும்பங்கள் வெளிநாடு கிளம்பிப் போக, வாரத்துக்கு ஒரு வீடாவது பூட்டப்பட்டது.

டாக்டர் நந்திதா வார்டுக்குள் ஏறக்குறைய ஓடி வந்தாள். மாரடைப்பு வந்து வீடு திரும்புகிறவர்களில் யார் ஒரு மாதத்துக்குள் மறுபடி வந்து படுப்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல அவள் ஏழு கேள்விகள் வைத்திருந்தாள். வயது, சர்க்கரை, இதயத்தின் பலம், இப்படி. பதிலுக்கு மதிப்பெண். குறைவாக இருந்தால் பயமில்லை.

குறைவாக வாங்கிய மூன்று பேர் மூச்சு முட்டித் திரும்பி வந்திருந்தார்கள்.

"உன் பரீட்சையில பேஷண்ட் எல்லாம் பாஸ். நீதான் பெயில்," என்றான் ஸ்ரீவத்சன், மதுரையிலிருந்து அவளோடு வந்த டாக்டர்.

"கண்டுபிடிச்சிட்டேன்டா! மூணு பேரும் வழியனுப்பு விருந்துக்குப் போயிருக்காங்க. ஆட்டுக்கறி, அது பூரா உப்பு. அப்புறம் அந்த மயக்க வேர், யாங்கோனா, அதைத் தண்ணியில கரைச்சு விடிய விடியக் குடிச்சிருக்காங்க, கிண்ணம் கிண்ணமா. அடிபட்ட இதயம் அவ்வளவு தண்ணியை எப்படித் தள்ளும்? நுரையீரல்ல தேங்கிடுது."

"வேண்டாம்னு சொல்லலாமே?"

"ஊரை விட்டே போறவன் நீட்டுற கிண்ணத்தை யாரு மறுப்பா?"

எட்டாவது கேள்வியை எழுதினாள். முதலில் கேட்டது பொன்சாமியை. கரும்பு விவசாயி. அன்றைக்கு வீட்டுக்குப் போக வேண்டியவர், சட்டை கூட மாட்டியாயிற்று. ஏழு கேள்விகளில் வார்டிலேயே குறைந்த மதிப்பெண் அவருக்குத்தான்.

"இந்த மாசம் வழியனுப்பு விருந்து ஏதாவது இருக்கா, ஐயா?"

பொன்சாமியின் முகம் மலர்ந்தது. "என்ன டாக்டரம்மா இப்படிக் கேட்டுட்டீங்க! எங்க வோட்டுவாலேவு ஊருலே நான் ஆக்காத விருந்து ஏது? என் கை ஆட்டுக்கறி தின்னாமே ஒருத்தன் பிளேன் ஏறினதில்லே."

"ருசி பார்ப்பீங்களா?"

"பாக்காமே? பாதிச் சட்டி ருசி பாத்தே போயிரும்."

மதிப்பெண் ஏறியது. வார்டிலேயே இப்போது அதுதான் அதிகம். "பாத்தியா!" என்று ஸ்ரீவத்சனிடம் காகிதத்தை ஆட்டினாள். பிறகு பொன்சாமியைப் பார்த்தாள். அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு மாசம், ஐயா. ஆக்க வேண்டாம், ருசி பார்க்க வேண்டாம், கிண்ணமும் வேண்டாம். இன்னொரு தடவை இதயம் தாங்காது."

"சரிம்மா. ஊரை விட்டுப் போற ஜிதேந்திரா கூப்பிட்டாலும் போகலே. அடுத்துப் போற ரவீந்திராவுக்கும் ஆக்கலே." சட்டைப் பொத்தானைத் திருகினார். "சனிக்கிழமை ஆக்லாந்து போறது எம் மவன். அவனுக்கு வேற எவன் ஆக்குறது, டாக்டரம்மா?"