வெள்ளிக்கிழமை நம்பர் பாட்டு

...அடுத்தது நாலு வரும், 'நாலு முழம் பிச்சிப்பூ', வரிசை எனக்குத் தெரியாதா என்ன, நானே இருந்து பென்டிரைவுல ஏத்திக் கொண்டுவந்ததுல்லா, ஒண்ணுல தொடங்கி மேல மேல போகும், எம் மக ஆதிராவுக்குப் பிடிச்ச பாட்டு பூராவும் அதுல கெடக்கு, நாளைக்கு அவளுக்குக் கல்யாணம், பந்தல்ல கெட்டுன ஸ்பீக்கர்ல அதுதான் பாடுது, ஆரல்வாய்மொழிக் காத்து ஒவ்வொரு வரியையும் பிடுங்கி மலைப்பக்கம் எறியுது, எனக்குக் கண்ணு எரியுது... காலைல வந்து எறங்கினேன், ஒறங்கல, பிளேன்ல பக்கத்து சீட்டுக்காரன் எந் தோள்ல சாஞ்சு ஒறங்கினான், நான் அசையாம முழிச்சிட்டே வந்தேன். இப்ப பந்தல்ல ஒரு பிளாஸ்டிக் சேர்ல இருக்கேன், பெண்ணுக்க அப்பன், ஒரு வேலையும் கெடையாது, எல்லாத்தையும் மச்சினன் நாகேந்திரன் பாத்துக்கிட்டான், எதைத் தொட்டாலும், நீங்க இரிங்க அத்தான், களைச்சு வந்திருக்கியன்னு சொல்லுகான், எனக்க வீட்டுல என்னைய விருந்துக்காரன் மாதிரி இருத்தி வச்சிருக்கான், ஆனா அவன் சொல்லதும் சரிதான், தேங்கா எங்க இருக்கு, சமையல்காரன் பேரு என்ன, எது எனக்குத் தெரியும்? எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, அவளுக்கு என்ன பாட்டு பிடிக்கும்னு. அதனாலதான் மைக் செட்டு முருகதாஸ்ட்ட, நாளைக்கு அவ மாப்ள வீட்டுக்குக் கார் ஏறது வரைக்கும் இந்தப் பாட்டுதான் பாடணும்டே, வேற ஒண்ணும் போடப்பிடாதுன்னு சொல்லிக் கொடுத்தேன்.

அது எப்பிடித் தொடங்கிச்சுன்னா... நான் வேலை பாக்குத வெளிநாட்டுல, சோஹார்ல எங்க கேம்ப்ல வெள்ளிக்கிழமைதான் லீவு, துணி நனைச்சுப் போட்டுட்டு வீட்டுக்கு விளிப்பேன், பூங்கனி நாலு வார்த்தை பேசிட்டு, இன்னா ஒங்க மகள்ட்ட பேசுங்கன்னு போனைக் குடுப்பா, சாப்பிட்டியா மக்கா, ம், படிக்கியா, ம், அவ்வளவுதான், பெறவு அந்தப் பக்கமும் மூச்சு, இந்தப் பக்கமும் மூச்சு, அப்ப அவ ரெண்டாங்கிளாஸ், அப்பன்னா போன்ல வாற ஒரு சத்தம். ஒருநாள் என்ன செய்யதுன்னு தெரியாம, ஒண்ணுல ஒரு பாட்டு நானே சொல்லிட்டு, இனி நீ ரெண்டுல தொடங்குத பாட்டு ஒண்ணு சொல்லு பாப்போம்னேன், கெக்கெக்கேன்னு சிரிச்சா, சொன்னா, அடுத்த வெள்ளிக்கு நான் மூணு சொல்லணும், அவ நாலு சொல்லணும், அப்பிடியே போச்சு, நூறு ஆனா மறுபடி ஒண்ணுல இருந்து, அவ ஸ்கூல் முடிச்சு காலேஜ் போயும் போச்சு. 'ஏழாம் கரையில ஒரு தோணி', 'பதினோரு வளையல்காரா', 'முப்பது மைனா'... ஒவ்வொண்ணையும் தேடி எறக்கி, கிரேன்ல ஏறி இருந்து வெயில்ல அதையே கேப்பேன், ரூம்ல கூட இருக்கப்பட்டவங்க, வேற பாட்டே இல்லியா அண்ணாச்சின்னு ஏசுவாங்க, எம் மகளுக்குப் பிடிச்ச பாட்டுடேன்னு சொல்லுவேன், சொல்லும்போ நெஞ்சு கொஞ்சம் விரியும், அது பொய்யில்ல.

அஞ்சு தொடங்கிச்சு. பந்தலுக்கு அந்தப் பக்கம் நாளைக்கு அவியலுக்குக் கறிக்கா வெட்டிட்டு இருக்காவ, தெருவுல உள்ள ஆளுக பூராவும் கத்தியும் பலகையுமா வந்திருக்கு, நாகேந்திரன் தடியங்காயப் பொளந்துகிட்டே சத்தமா, எத்தான், இது கல்யாண வீடா, கணக்கு டியூஷனா? அவ்வளவுதான், எல்லாரும் சிரிச்சு மறியுதாவ, ஒருத்தி, ஏட்டி பன்னெண்டு பாடும்போ சொல்லு, சோறு வெளம்பிரலாம்னு சொல்லுகா, நானும் சிரிச்சேன், சிரிக்காம இருக்க முடியுமா... ஆனா முகம் ஒரு மாதிரி ஆயிருக்கும் போல, பூங்கனி கையத் தொடச்சுகிட்டே பக்கத்துல வந்தா. என்னங்க, இதையா போடச் சொன்னிய, வேற நல்ல பாட்டு இல்லியான்னா. அவளுக்குப் பிடிச்சதுல்லான்னேன். அவ என்னையப் பாத்தா. யாரு சொன்னா பிடிச்சதுன்னு? வியாழக்கிழமை ஆனா எங்கிட்ட வந்து நிப்பா, எம்மா நாளைக்கு அப்பா விளிப்பாவ, எட்டுல ஒரு பாட்டு சொல்லும்மான்னு. எனக்கு எங்க தெரியும், நான் எந் தம்பிட்ட கேப்பேன், பாதியும் அவன் சொல்லிக் குடுத்த பாட்டாக்கும்னா. சொல்லிட்டு, வெத்தல வந்தாச்சான்னு கேட்டுட்டு அவ பாட்டுக்குப் போயிட்டா. நாகேந்திரன் அங்க தடியங்கா வெட்டுகான். அப்பம் இத்தன வருசமா அந்த வெயில்ல நான் கேட்டது... மச்சினனுக்குப் பிடிச்ச பாட்டையா? கோவம் வரல, சிரிப்பும் வரல, எழும்பணும்னு மட்டும் தோணிச்சு, எழும்பிப் போயி முருகதாஸ்ட்ட, நிப்பாட்டுடேன்னேன். ஆறு பாதியில அறுந்துச்சு. இவ்வளவு பெரிய பந்தல்ல கத்தி பலகைல விழுத சத்தம் மட்டும்.

உள்ள ரூம்ல ஆதிரா ரெண்டு கையையும் நீட்டிட்டு இருக்கா, கூட்டுக்காரி ஜெஸ்மி மைலாஞ்சி இட்டுகிட்டு இருக்கு, வாசல்ல நின்னேன், உள்ள போலாமா வேண்டாமான்னு தெரியல. ஏன்ப்பா நிப்பாட்டிட்டிய, மாமா கிண்டலடிச்சு களியாக்கினாரான்னு கேட்டா. இல்ல மக்கா... ஒனக்குப் பிடிக்காத பாட்டுன்னு அம்மை சொன்னா. அவளுக்கு முகம் வாடிப்போச்சு. அப்பிடியெல்லாம் இல்லப்பா. பெறவு எந்தப் பாட்டுதான் பிடிக்கும், சொல்லு, அதையே போடச் சொல்லுகேன்னேன், நாளைக்குப் போயிருவா, அதுக்குள்ள ஒண்ணாவது தெரிஞ்சுகிடணும், அது மட்டுந்தான் எனக்குள்ள. அவ கையப் பாத்துகிட்டே, ஒண்ணு உண்டுப்பா, ஏழாங்கிளாஸ் படிக்கும்போ இருந்தே உண்டு, அதுல நம்பர் இல்லல்லா... அதான் ஒங்ககிட்ட சொல்லலன்னா. சாதாரணமா சொன்னா, குத்தமா சொல்லல. எப்பிடிப் பாட்டுன்னேன். மெதுவா மூளினா, வாயத் தெறக்காம, ஒரு வரி, ரெண்டு வரி, நான் அதுவரை கேக்காத ராகம், அதுக்குள்ள ஜெஸ்மி, ஏட்டி அனங்காதட்டி, கோடு கோணிரும்னு கத்த, பெறவு பாடுகேன்ப்பான்னு சிரிச்சிட்டு மத்த கையத் திருப்பிக் குடுத்தா.

திரும்பி வந்து அதே சேர்ல இருக்கேன். முருகதாஸ் ரெண்டு தடவ கேட்டாச்சு, அண்ணாச்சி, சும்மா கெடக்கே, நம்ம கைல உள்ளது ஏதாவது போடட்டான்னு. கொஞ்ச நேரம் சும்மா கெடக்கட்டும்டேன்னேன். அந்த ரெண்டு வரிய மனசுக்குள்ள பிடிச்சு வைக்கப் பாக்கேன், காத்து பந்தல் துணிய அடிக்குத அடியில நழுவிப் போகுது... நம்பர் இல்லன்னு அவ எங்கிட்ட சொல்லாம வச்சது அந்தப் பாட்டு மட்டுந்தானா? ஒரு வெள்ளிக்கிழமை, காலேஜ் சேந்த வருசம்னு ஓர்ம, தொண்டை கட்டின மாதிரி பேசினா, ஜலதோஷமா மக்கான்னேன், ம்னா, மருந்து வாங்கித் தின்னு, சரி, இந்த வாரம் நீதான், அறுவத்திரெண்டு சொல்லுன்னேன்... கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டுது, பெறவு சொல்லிட்டா, சரியாத்தான் சொன்னா, நானும் சபாஷ்னு சொல்லி போனை வச்சேன். அன்னைக்கு அது ஜலதோஷம் இல்லியோ...