எதிர் மூலை

தம்பி வீடு கட்டுகிறான் என்று கேட்டபோது பெரிய மேஸ்திரிக்கு ஒன்றும் ஆகவில்லை. தூணே இல்லாமல், செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து, சுவரே கூரையைச் சுமக்கிற மாதிரி கட்டுகிறான், அதற்குப் பஞ்சாயத்து ஆபீஸிலும் அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்று கேட்டபோதுதான் வயிறு பற்றிக்கொண்டது.

அண்ணனும் தம்பியும் ஒரே அப்பாவிடம் கரணை பிடித்துக் கொத்து வேலை கற்றவர்கள். அப்படி ஒரு வீடு அண்ணனின் ஆசை. அவர் தன் வீட்டைக் கட்டப் போனபோது, பூமி ஆடினால் சரிந்துவிடும், தூண் போடு என்று ஆபீஸ்காரன் வீட்டுப் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அவனை எதிர்த்துப் பேச முடியுமா? தூண் போட்டு, நடுவில் கல்லை அடைத்து, ஒரு பெட்டியைக் கட்டி அதற்குள் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். தம்பி ஒரு இன்ஜினியரம்மாவைப் பிடித்தான். மூலைக்கு மூலை கம்பி நிறுத்து, ஜன்னலுக்கு மேலே வீட்டைச் சுற்றி கான்கிரீட் பெல்ட் போடு என்று அந்தம்மா சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான். கையெழுத்து விழுந்துவிட்டது. அந்த யோசனை தனக்கு வரவில்லையே என்பதைப் பெரிய மேஸ்திரி யாரிடமும் சொல்லவில்லை.

"கம்பி வச்ச சுண்ணாம்பு வீடாம். கிழவனுக்குத் தலையில மை அடிச்சு மாப்பிள்ளைன்னு உக்கார வச்ச மாதிரி" என்று மட்டும் வீட்டில் சொன்னார்.

"நீங்க ஒரு தடவை போய்ப் பாருங்க. கொழுந்தனாரு வீட்டுக்குள்ள நின்னா அப்படியே குளுகுளுன்னு இருக்கு" என்றாள் மனைவி.

"கூரை போடாத வீடு குளுகுளுன்னு இல்லாம? காத்து அடிக்குதுல்ல!"

இன்னொரு எரிச்சலும் இருந்தது. ஊருக்குள் அவர் பெரிய மேஸ்திரி, தம்பி சின்ன மேஸ்திரி. இப்போது வேலையை வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் தம்பியை வெறும் 'மேஸ்திரி' என்கிறார்கள். அப்படியானால் இவர் யார்?

ஒருநாள் தம்பியே வந்து வாசலில் நின்றான்.

"அண்ணே, கடைசி ரூம் சுவருக்கு ஒரு மூலை எடுக்க ஆள் இல்ல. நீ வந்து எடுத்துக் குடுண்ணே."

"ஏன், உங்க இன்ஜினியரம்மா எடுக்க மாட்டாங்களாமா?"

"அவங்க கரணை பிடிச்சா அப்புறம் நான் படம் போடணும். வாண்ணே."

குறை கண்டுபிடிக்கத்தான் போனார். சுவர் வேலையில் முதலில் இரண்டு மூலைகள் ஏறும். அதற்கு இடையில் நூல் கட்டி மற்ற ஆட்கள் கல்லை வைத்து நிரப்புவார்கள். ஒரு மூலையில் தம்பி, எதிர் மூலையில் அண்ணன்.

"சுண்ணாம்பு மெதுவாத்தான் இறுகும்ணே. ஒரு நாளைக்கு இடுப்புக்கு மேல சுவர் ஏறக் கூடாதுன்னு விதி."

"எனக்கேவா பாடம் எடுக்குற?"

வேலை நன்றாகத்தான் போனது. வெயில் ஏறியதும் வேடிக்கை பார்க்க ஒரு கும்பல் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் தம்பியைச் சூழ்ந்துகொண்டார்கள். மேஸ்திரி இது என்ன, மேஸ்திரி அது என்ன என்று ஒரே கேள்வி. இந்தப் பக்கம் திரும்பக்கூட ஒருவனுக்கும் தோன்றவில்லை. அண்ணனின் கை வேகம் பிடித்தது. இத்தனை வருஷமும் சிமெண்டில் ஓடிப் பழகிய கை. சுவர் இடுப்பைத் தாண்டியது, மார்பைத் தாண்டியது. கீழ் வரிகளிலிருந்து கலவை பிதுங்கி வருவது கண்ணில் பட்டது. கரணையால் வழித்துவிட்டு மேலே வைத்தார்.

"நூலைத் தூக்குடா!" என்று கத்தினார்.

"என் மூலை இடுப்புக்கு வந்துடுச்சுண்ணே. நிறுத்திட்டேன். நீயும் நிறுத்து, போதும்."

"முடியலன்னு சொல்லு, ஒத்துக்கறேன்."

தோள் உயரத்துக்கு வந்தபோது இன்ஜினியரம்மா வந்து நின்றாள். கீழ் வரியில் விரலை வைத்து அழுத்தினாள். விரல் உள்ளே போனது.

"யார் எடுத்தது இதை?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் தம்பி குறுக்கே வந்தான். "நான்தாம்மா. கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்."

கும்பலில் ஒருவன் சுவரை ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். "அவசரத்துலயும் எவ்வளவு நேரா எடுத்திருக்காரு பாருய்யா மேஸ்திரி!"

இதைத்தான் தாங்க முடியவில்லை.

"அவன் எங்கய்யா எடுத்தான்? நான் எடுத்தது!" அண்ணன் தூக்குக்குண்டைச் சுவரோரம் இறக்கிக் காட்டினார். "பாத்துக்க. மயிரிழை வித்தியாசம் இருக்கா? அவனுக்கு இந்த மூலை ஏழு ஜென்மத்துக்கும் வராது!"

"சுத்தமான வேலைதான் ஐயா" என்றாள் இன்ஜினியரம்மா. "ஆனா நசுங்கிடுச்சே. இன்னிக்கு வச்சது அத்தனையும் இறக்கணும். இல்லன்னா என்னால கையெழுத்துப் போட முடியாது."

கும்பல் கலைந்தது. தம்பி வந்து மேல் கல்லில் கையை வைத்தான்.

"தொடாதே. இது என் மூலை."

"ஆளுக்குப் பாதியா இறக்கலாமேண்ணே."

"ஏன், இறக்கினதும் நீதான்னு ஊருக்குச் சொல்றதுக்கா?"

தம்பி சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கல்லாக எடுத்து, ஒட்டியிருந்த கலவையைச் சுரண்டி, ஓரமாக அடுக்கினார். நடுவில் எதிர் மூலையை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். எங்காவது சாய்ந்திருக்காதா என்று மேலிருந்து கீழ்வரை தேடினார். இல்லை. இடுப்பு உயரத்தில் நேராக நின்றது.

"நாளைக்கும் வருவேன்" என்றார். "இதை நான்தான் எடுப்பேன். வேற எவனையாவது நிறுத்தினே, தெரியும்."

"சரிண்ணே."

"உன் மூலை வெயில்ல காயுது பாரு. ஈரச் சாக்கு போட்டு மூடு, இல்லன்னா வெடிச்சுரும்."

தம்பி சாக்கை நனைக்க ஓடினான். சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று பெரிய மேஸ்திரிக்கு அப்புறம்தான் தோன்றியது.