மாதா கோவிலின் வளைந்த முகம்

1

மலேசியாவில், கடலோரச் செகிஞ்சானுக்கு மீன் வாங்கப் போன நான் வழி தவறியதால்தான் இந்தக் கதை. கோலா சிலாங்கூரைத் தாண்டி, செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்கு நடுவே, தகரக் கூரை போட்ட ஒரு மாதா கோவில். முகப்பு மட்டும் பரோக் பாணி: முறுக்கிய தூண்கள், மேலே இருபுறமும் சங்குபோல் சுருண்ட தோள்கள்.

‘நூறாண்டுகளாக அந்தக் கோவில் காத்திருந்தது, தன்னை…’

வேண்டாம். கட்டடம் எதற்கும் காத்திருக்காது. நவமணியிலிருந்து தொடங்குகிறேன்.

2

நவமணி அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவள். இப்போது கோலா சிலாங்கூரில் ஒரு கிளினிக்கில் வேலை. தோட்டம் கைமாறியதும் கோவிலை இடிப்பதென்று முடிவாயிற்று. ஜெராம் சாலையில் புதிய மண்டபம் தயார். மாதா சிலையும் மணியும் அங்கே போகும். முகப்பும் வரவேண்டும் என்றாள் நவமணி.

(அவளுடைய மகனுக்கு அங்கேதான் இறுதிப் பூசை நடந்தது என்று எழுதி, அடித்துவிட்டேன். ஒரு சுவரை நேசிக்க ஒரு சாவு தேவையா?)

கோவில் குழுத் தலைவர் சுகுமாறன் இன்ஜினியர். “செங்கல்லும் சுண்ணாம்பும்தான்க்கா. பேர்த்தெடுத்தா மாவாப் போயிடும்லா. எதுக்கு இந்த வீம்பு?”

“லயம் நேர்க்கோடு, செம்பனை நேர்க்கோடு, ஸ்டோரு நேர்க்கோடு. நம்ம ஆளுங்க ஆசைப்பட்டு வளைச்சுக் கட்டினது இது ஒண்ணுதான் தம்பி.”

ரோமில் திருச்சபையின் மகிமையைக் காட்டச் சுவர்கள் வளைந்தன. அந்த பரோக் பாணி கப்பலேறி கோவாவுக்கும் புதுச்சேரிக்கும் வந்தது. புதுச்சேரியில் பார்த்ததை ஒரு கொத்தனார் இங்கே நினைவிலிருந்தே கட்டினார். [அவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை. நானும் வைக்கவில்லை.]

3

இடிக்கும் நாளில் நவமணி தன் கணவர் சின்னையாவின் லோரியோடு வந்து நின்றாள். முகப்பில் அறுத்தெடுக்க முடிந்தது இரண்டு தோள் சுருள்களைத்தான். வேலையாட்கள் இடது சுருளை அறுத்து இறக்கினார்கள். பாதியிலேயே உதிர்ந்து கொட்டியது.

“போதும் நவமணி,” என்றார் சின்னையா.

கூந்தலெல்லாம் சுண்ணாம்பாக அவள் அந்தக் குவியலைப் பார்த்தாள். அழுதுவிடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

“அடுத்ததுக்குப் பலகை கொடுத்து, இரும்புப் பட்டையால இறுக்குங்க. அப்புறம் அறுங்க.”

வலது சுருள் முழுதாக இறங்கியது.

4

முதல் முடிவு: சுருள் மண்டபத்தில் ஏறுகிறது, எல்லாரும் கைதட்டுகிறார்கள். (எனக்கே நம்பிக்கை இல்லை.) இரண்டாவது: ஒற்றைத் தோள் விகாரம் என்று குழு மறுக்க, அவள் அதை வீட்டுக்கு… (இல்லை, அவள் அப்படிப்பட்டவள் அல்ல.)

நடந்த வரைக்கும் சொல்கிறேன். ஞாயிறு காலை. மண்டபத்தின் தட்டைச் சுவரில் சாரம், கப்பி, கயிறு. நவமணியும் சின்னையாவும் இழுக்கிறார்கள். சுகுமாறன் காரிலிருந்து இறங்கி வருகிறார்.

“ஒத்தைத் தோளோடவா நிக்கப்போவுது?”

“இன்னொண்ணை நாம கட்டிக்கலாம் தம்பி.”

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கயிற்றைப் பிடிக்கிறார். சுருள் அசைகிறது; எழவில்லை.

“இன்னும் ஒரு கை வேணும்லா,” என்கிறாள் நவமணி, சாலையைப் பார்த்து.

என் கையில் பேனா இருக்கிறது. உங்கள் கை?