பதிமூன்று வயதுப் பிள்ளைகள்

நூர் அகமதுவின் குடும்பத்தில் அவருக்கு முன்னால் யாரும் உத்தியோகம் பார்த்ததில்லை. அண்ணன்மார் பழவேற்காட்டில் கருவாடும் கைலியும் வியாபாரம் செய்தார்கள். அவர் மட்டும் பி.ஏ. படித்து, கணக்கு வாத்தியாராகி, கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே ஒரு சிற்றூரின் உயர்நிலைப் பள்ளிக்கு வேலைக்கு வந்தார். மனைவி கமர் நிஷா. ஒரே மகள் ஜெய்னம்பு அதே பள்ளியில் செகண்ட் பாரம், அதாவது ஏழாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தாள்.

கணக்கு வாத்தியார் மகளுக்குக் கணக்கு வராது என்பது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த விஷயம். பின்னம் என்றால் எதை எதால் வகுப்பது என்றே அவளுக்குக் குழம்பிப்போகும். நூர் அகமது வீட்டில் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார். அவளும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். மறுநாள் கேட்டால் ஒன்றும் இருக்காது. ஆனாலும் அவள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாளும் மட்டம் போட்டதில்லை.

1959ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், சென்னையிலிருந்து விக்டோரியா என்ற அம்மாள் வந்தார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் வேலை பார்ப்பவர். தலைமையாசிரியர் ஆதிநாராயணனின் அறையில் உட்கார்ந்து, வந்த காரியத்தை விளக்கினார். ஒரே கேள்வித்தாளை அந்தந்த நாட்டு மொழியில் பெயர்த்து, பல தேசங்களின் பிள்ளைகளை எழுத வைக்கப் போகிறார்கள். கணக்கு, வாசித்துப் புரிந்துகொள்வது, பூகோளம், விஞ்ஞானம். எந்த நாட்டுக் கல்வி எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க இதுவரை ஒரு வழியும் இல்லை, இது முதல் முயற்சி என்றார்.

"ஒரே ஒரு நிபந்தனை சார். பதிமூணு வயசுப் பிள்ளைங்க எல்லாரும் எழுதணும். எந்த க்ளாஸ்ல இருந்தாலும் சரி, ஃபெயிலாகி உட்கார்ந்திருந்தாலும் சரி. நல்லா படிக்கிறவங்களப் பொறுக்கி எடுத்தீங்கன்னா அர்த்தமே இல்லாமப் போயிடும்."

"முடிவெல்லாம் புத்தகமா வருமா மேடம்?" என்று கேட்டார் ஆதிநாராயணன்.

"வரும்."

"நாடுகள வரிசைப்படுத்தியா?"

"வரிசை போடறது எங்க நோக்கமில்ல. ஆனா படிக்கிறவங்க போட்டுக்குவாங்க. அதை நம்மால தடுக்க முடியாது."

ஆதிநாராயணன் நாற்பத்திரண்டு ஆகஸ்டுப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். எப்போதும் கதர்தான் உடுத்துவார். பையன்களைக் கை நீட்டி அடித்ததில்லை. விக்டோரியாவை ரயிலுக்கு அனுப்பிவிட்டு வந்தவர், நேராக நூர் அகமதுவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நூர், இத்தினி வருஷம் நம்மள ஆண்ட வெள்ளக்காரனும் நாமளும் ஒரே பரீட்சை எழுதப் போறோம். அவன் மேல நிக்க, நாம கடைசியில நிக்கணுமா?"

"நின்னா நிக்கட்டுமே சார். உள்ளது அதுதானே."

"இன்னா உள்ளது? நம்ம பிள்ளைங்க அரிக்கேன் வெளக்குல படிக்குதுங்க. பாதி பேரு காலையில நாஷ்டா துன்னாம வருதுங்க. அதெல்லாம் அந்தப் புத்தகத்துல போடுவாங்களா? நம்பர் மட்டும்தான் போடுவாங்க. சுதந்திரம் குடுத்தோமே, இன்னா பண்ணிக் கிழிச்சாங்கன்னு சிரிப்பாங்க."

ஆதிநாராயணன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பொய் எழுதச் சொல்லல. அன்னைக்கு சில பிள்ளைங்க லீவுல இருக்கட்டும். டிரில் மாஸ்டரோட ஏரிக்கரையில மரம் நடப் போவட்டும். யார் யாருன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

நூர் அகமதுவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்த மனிதர் தனக்காக ஒன்றும் கேட்கவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். பரசுராமன், செல்வி, சாலமோன். ஒவ்வொரு பெயரைச் சொல்லும்போதும் அந்த முகம் கண்முன் வந்தது. சொல்லச் சொல்லச் சுலபமாகிக்கொண்டே போனது. கடைசியில், "ஜெய்னம்பு" என்றார்.

ஆதிநாராயணன் பதறிப்போனார். "சேச்சே, உங்க பொண்ணு உக்காரட்டும் நூர். ஒரு பிள்ளையால இன்னா வந்துடப் போவுது?"

"இல்ல சார். ஊரார் பிள்ளைங்கள நிறுத்திட்டு எம் பிள்ளைய மட்டும் உக்கார வச்சா நல்லா இருக்காது."

அதைச் சொன்னபோது, தான் நியாயமாக நடந்துகொண்டதாகவே அவருக்குத் தோன்றியது.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் மகளிடம் சொன்னார். "நாளைக்கு நீ ஊட்டுலயே இரும்மா. யாராவது கேட்டா காய்ச்சல்னு சொல்லிடு."

"எனக்குக் காய்ச்சல் இல்லையே வாப்பா."

"சும்மா சொல்றதுதான். எச்.எம். சார் சொல்லியிருக்காரு."

"செல்வி மரம் நடப் போறேன்னு சொன்னா. நானும் அதுக்குப் போவட்டுமா?"

"வேணாம். வெயில்ல எதுக்கு?"

உம்மாவுக்கு உதவியாகக் கொத்துமல்லி ஆய்ந்துகொண்டிருந்தவள், ஆய்ந்து முடித்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

மறுநாள் காலை பெரிய கூடத்தில் பிள்ளைகள் இடம்விட்டு இடம்விட்டு உட்கார்ந்திருந்தார்கள். விக்டோரியா கேள்வித்தாள்களை விநியோகித்துக்கொண்டிருந்தார். நூர் அகமது பின்வரிசையில் மேற்பார்வைக்கு நின்றார். மணி அடிக்கப்போகும் சமயம் வாசலில் நிழல் தட்டியது. ஜெய்னம்பு நின்றிருந்தாள். துவைத்த தாவணி உடுத்தி, தலையில் முக்காடு போட்டு, கையில் பேனாவோடு வந்திருந்தாள்.

"ஏம்மா லேட்டு?" என்றார் விக்டோரியா. "என்ன வயசு உனக்கு?"

"பதிமூணு டீச்சர்."

"அப்ப உள்ள வா. இதோ இந்த இடத்துல உட்காரு."

ஆதிநாராயணன் மேடையிலிருந்து நூர் அகமதுவைப் பார்த்தார். இவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும், அவள் வந்து உட்கார்ந்திருப்பாள். ஆனால் மற்ற பிள்ளைகள் ஏரிக்கரையில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். தான் கொடுத்த வாக்கு தலைமையாசிரியரின் கண்ணில் நின்றது.

"அதுக்கு உடம்பு சரியில்லைங்க" என்றார் நூர் அகமது. "என் பொண்ணுதான். காய்ச்சலோட எழுந்து வந்துடுச்சு."

விக்டோரியா பெண்ணின் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

ஜெய்னம்பு தகப்பனைப் பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை. அவர் சொன்னது சரிதானா என்று யோசிப்பவள்போலப் பார்த்தாள்.

"ஆமா டீச்சர், காய்ச்சல்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அன்றோடு அவள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். முதலிரண்டு நாள் தலைவலி என்றாள். அப்புறம் காரணம்கூடச் சொல்லவில்லை. கமர் நிஷாவுக்கு அதில் வருத்தமில்லை. "எங்க அண்ணன் ஊட்டுப் பொண்ணுங்க எல்லாம் அஞ்சாவதோட நின்னுடுச்சுங்க. இவளும் எழுதப் படிக்கத் தெரிஞ்சுகிட்டா. போதும் வுடுங்க" என்றாள்.

நூர் அகமது மகளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

"பேஜாரு பண்ணாத ஜெய்னம்பு. பரீட்சைதான் முடிஞ்சு போச்சே. நாளைலேருந்து கெளம்பு."

"நான் வரல வாப்பா."

"ஏன்?"

"பதிமூணு வயசுப் பிள்ளைங்க எல்லாரும் எழுதணும்னு அந்த டீச்சரம்மா சொன்னதா நீங்கதான் உம்மாகிட்ட சொல்லிக்கினு இருந்தீங்க. நல்லா படிக்கிறதும் படிக்காததும் எல்லாம் சேத்துத்தான்னு. அதைக் கேட்டுட்டுத்தான் நான் வந்தேன்."

அவர் திண்ணையில் உட்கார்ந்தார்.

"எனக்குக் கணக்கு வராதுன்னு எனக்குத் தெரியும். ஆனா நீங்க தெனம் தெனம் சொல்லிக் குடுத்தீங்களே, வரும்னு நம்பித்தானே சொல்லிக் குடுக்கிறீங்கன்னு நெனச்சேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருக்கலாம்.

அந்த வாரக் கடைசியில் அவர் ரயிலேறிச் சென்னைக்குப் போனார். கல்லூரியில் விக்டோரியாவைத் தேடிப் பிடித்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். விக்டோரியா அலமாரியைத் திறந்து அந்தப் பள்ளியின் விடைத்தாள் கட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"எனக்கும் சந்தேகம் இருந்தது சார். எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி நல்லா எழுதியிருந்துச்சு. எந்த ஊர்லயும் அப்படி இருக்காது."

"மறுபடியும் நடத்த முடியுங்களா? எல்லாரையும் வச்சு?"

"முடியாது. கேள்வி வெளியாயிடுச்சு. உங்க பள்ளிக்கூடத்தை எடுத்துடணும். இன்னும் ரெண்டு மூணு இடத்துல இதே கதைதான். இப்படியே போனா நம்ம நாடு அந்தப் புத்தகத்துல இருக்குமாங்கறதே சந்தேகம்."

"எழுதின பிள்ளைங்க?"

"அவங்க பேப்பரையும் சேர்த்துத்தான் எடுக்கணும்."

அவர் எழுந்தார். கதவருகில் போனவர் நின்று, "எம் பொண்ணுக்கு மட்டும் ஒரு கேள்வித்தாள் குடுக்க முடியுங்களா? கணக்குல சேக்க வேணாம். அவ உக்காந்து எழுதினா போதும்" என்றார்.

விக்டோரியா தலையை ஆட்டி மறுத்தார். "அது உங்க மனசுக்குத்தான் சார் ஆறுதல். அவளுக்கு இல்ல."

மறுநாள் ஆதிநாராயணனிடம் தானே போய்ச் சொன்னார். அவர் சத்தம் போடவில்லை. மேஜை மேலிருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

"கடைசியிலகூட இல்லாமப் போயிட்டோம் இல்ல?" என்றார். "எங்கிட்ட முதல்லயே முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே நூர். நான் கேட்டிருப்பேன்."

அது உண்மையாக இருக்கலாம் என்பதுதான் நூர் அகமதுவை அதிகம் வாட்டியது. அதற்குப் பிறகு இருவரும் வேலை விஷயம் தவிர வேறு பேசிக்கொள்ளவில்லை. பின்வரிசைப் பிள்ளைகள் அவர் வகுப்பில் முன்னைவிட அமைதியாக இருந்தார்கள். பரசுராமன் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்பதை விட்டுவிட்டான்.

அடுத்த கோடையில் அவருக்கு மாற்றல் வந்தது. செவ்வாப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளி. அதற்குள் பழவேற்காட்டிலிருந்து ஜெய்னம்புவுக்கு ஒரு சம்பந்தமும் பேசி வந்தார்கள். நூர் அகமது ஒப்புக்கொள்ளவில்லை. அதில் கமர் நிஷாவுக்கும் அவருக்கும் பல நாள் பேச்சுவார்த்தை இல்லை.

சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது, சம்மதிக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டே மகளிடம் கேட்டார். "புது ஊரு. யாருக்கும் ஒண்ணும் தெரியாது. பள்ளிக்கூடத்துல சேர்றியாம்மா?"

ஜெய்னம்பு பாத்திரங்களைச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "அங்கயும் நீங்கதான் கணக்கு வாத்தியாரா?"

"ஆமா."

"பக்கத்துல வேற பள்ளிக்கூடம் இருக்கா?"

அவர் கட்டிக்கொண்டிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். "திருவள்ளூர்ல பொம்பளப் பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்கு. ரயில்ல போவணும்."

"அதுல சேத்து வுடுங்க" என்றாள்.

ஜூன் மாதம் மறுபடியும் செகண்ட் பாரத்தில் சேர்ந்தாள். தன்னைவிடச் சின்னப் பெண்களுடன் உட்கார வேண்டியிருந்ததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் நூர் அகமது அவளை ஸ்டேஷன்வரை கொண்டுவிட்டார். வண்டி வந்ததும் பெண்கள் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவள், அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"நாளைலேருந்து நீங்க வரவேணாம் வாப்பா. நானே போய்க்கிறேன்."

"சரிம்மா" என்றார்.

வண்டி புறப்பட்டது. அவருடைய பள்ளிக்கூடத்துக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. தண்டவாளத்தைத் தாண்டி வேகமாக நடந்தார்.