யாருக்கும் சொல்லாத எண்

இந்தக் காலத்தில் எவனும் ஆளாக வருவதில்லை, குரலாகத்தான் வருகிறான். பூட்டுக்காரரின் நெடுநாள் புகார் இது. முன்பெல்லாம் பூட்டு கெட்டால் மனிதன் பூட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். முகம் தெரிந்தது. பேச்சில் பொய் இருந்தால் அதுவும் தெரிந்தது. இப்போது படுத்தபடியே போன் செய்கிறான். சாவியைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், அதே மாதிரி ஒன்று வெட்டிக் கொடுங்கள் என்கிறான்.

"போட்டோவைப் பார்த்துச் சாவி வெட்டலாம்னா, போட்டோவைக் காட்டிக் கதவைத் திறந்துக்கயேன்" என்று சொல்லி இவர் வைத்துவிடுவார்.

அவர் இப்படி ஆனதற்குக் காரணம் இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன் ஒரே ஒரு குரலை நம்பினார். மருந்துக் கடை முதலாளியின் தம்பி பேசுகிறேன், ஆள் வருவான், செய்து வைத்த சாவியைக் கொடுத்து அனுப்புங்கள் என்றது குரல். கொடுத்து அனுப்பினார். மருந்துக் கடை முதலாளிக்குத் தம்பியே கிடையாது. போலீஸ் ஸ்டேஷனில் மூன்று நாள் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இரண்டாம் நாள் உட்காரவும் விடவில்லை. வெளியே வந்த பிறகு, ஆளைப் பார்க்காமல் அவர் ஒரு துரும்பைக்கூடக் கைமாற்றியதில்லை.

வீட்டில் அவரும் இரண்டு மகள்களும். மனைவி போய் ஐந்து வருடம் ஆகிறது. பெரியவள் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளை வேகவைத்து, பிழிந்து, இஸ்திரி போடுகிறாள். முழங்கை வரைக்கும் தோல் எப்போதும் சிவந்திருக்கும். அவளும் ஒரு காலத்தில் காலேஜ் போனவள்தான். சேரும்போது ஒரு தொகை சொன்னார்கள். சேர்ந்த பிறகு பஸ்ஸுக்கு ஒன்று, பரீட்சைக்கு ஒன்று, கட்டடத்துக்கு ஒன்று என்று வால் முளைத்துக்கொண்டே போனது. ஒன்றரை வருடத்தில் மூச்சு முட்டி வெளியே வந்தாள். பாக்கியைக் கட்டாததால் அவளுடைய பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

அதனால், சின்னவள் பன்னிரண்டாவது முடித்து "வேதியியல் படிக்கணும்க்கா" என்று சொன்னதும், பெரியவள் பழைய நாட்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கம் கட்டம் கிழித்தாள். பத்துக் காலேஜ். ஒவ்வொன்றுக்கும் வேலை இடைவேளையில் போன் போட்டாள். கேட்டது மூன்றே கேள்வி. மூன்று வருடத்துக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? அதை எழுதிக் கொடுப்பீர்களா? பாதியில் நின்றால் சான்றிதழைத் திருப்பித் தருவீர்களா? மூன்றாவது கேள்விக்கே பாதிப் பேர் போனை வைத்துவிட்டார்கள்.

"ஏன்க்கா, சேர்றதுக்கு முன்னாடியே நிக்கிறதைப் பத்திக் கேக்கறே?" என்றாள் சின்னவள்.

"உள்ள போறதுக்கு முன்னாடி வெளிய வர்ற வழியைப் பாத்து வெச்சுக்கணும். நான் பாக்கலை."

வாரக் கடைசியில் தாளில் இரண்டு மிஞ்சின. ஒன்று, கட்டணமே இல்லை என்று சொன்ன ஓர் அறக்கட்டளைக் காலேஜ். இன்னொன்று, இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய அரசாங்கப் பெண்கள் காலேஜ். அங்கே மூன்று வருடத்துக்குமான கட்டணம் பெரியவளின் இரண்டு மாதச் சம்பளத்துக்குள் அடங்கிவிடும்.

பூட்டுக்காரர் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். எண்களைத் தவிர அவருக்கு அதில் எதுவும் பிடிபடவில்லை.

"இதெல்லாம் எவன் சொன்னது?"

"போன்ல சொன்னாங்கப்பா."

"போன்ல நான்கூடத்தான் நாட்டுக்கு ராஜான்னு சொல்லுவேன். நான் போய்ப் பாக்காம எதுக்கும் எழுதக் கூடாது. இன்னொண்ணு, உன் நம்பரைக் கொடுக்காதே. வயசுப் பொண்ணு நம்பர் கிடைச்சா கண்டவனும் கூப்பிடுவான். என் நம்பரைப் போடு. வர்றவனை நான் பேசிக்கறேன்."

அதில் பெரியவளுக்கும் நியாயம் தெரிந்தது. அரசாங்கக் காலேஜ் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தை அன்றைக்கே இணையத்தில் திறந்து, அவர் நம்பரைப் போட்டுப் பதிந்து வைத்தாள். மீதியை அவர் பார்த்துவிட்டு வந்ததும் நிரப்பிக்கொள்ளலாம்.

கட்டணமில்லாத காலேஜுக்கு முதலில் போனார். வாசலில் நீர் தெளித்த புல்தரை, கண்ணாடிக் கதவு, கழுத்துப்பட்டை கட்டிய ஆள். எல்லாம் பளபளப்பு. அந்த ஆள் பேசப் பேச இவர் தலையை ஆட்டிக்கொண்டே பின்கட்டுக்கு நடந்தார். வேதியியல் ஆய்வுக்கூடம் என்று எழுதிய கதவில் ஒரு லீவர் பூட்டு தொங்கியது. கையில் எடுத்துப் பார்த்தார். சாவித் துளைக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னார். "மூணு வருஷமா அந்தக் கதவைத் திறக்கலை. குளவிதான் அங்க வேதியியல் படிக்குது."

பெரியவள் முதல் முறையாக அப்பாவை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தாள். தாளில் அதை அடித்தாள். பிறகு விசாரித்ததில், அங்கே சேர்ந்தவர்களிடம் இரண்டாம் வருடம் நன்கொடை என்று கறந்துவிடுகிறார்கள் என்று தெரிந்தது.

அரசாங்கக் காலேஜுக்கு இரண்டு தடவை போகவேண்டியிருந்தது. முதல் தடவை விடுமுறை, கேட்டைச் சாத்தியிருந்தார்கள். மூன்று நாள் கழித்து மறுபடி போனார். சுவரில் காரை உதிர்ந்திருந்தது, கழிப்பறைக் கதவு ஒரு கீலில் ஆடியது. ஆனால் ஆய்வுக்கூடத்துப் பூட்டின் பித்தளை, கை பட்டுப் பட்டுத் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"இங்க எழுது" என்றார் வந்ததும்.

அதற்குள் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வந்துவிட்டது. மாலை ஐந்து மணிக்குள் முடிக்கவேண்டும். பெரியவள் அரை நாள் விடுப்புச் சொல்லி, தங்கையைக் கூட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாள். கடையிலிருந்து அது நடந்தால் அரை மணி தூரம்.

அந்த ஒரு வாரமாகப் பூட்டுக்காரரின் போன் ஓயவில்லை. எங்கிருந்துதான் நம்பர் போனதோ, தனியார் காலேஜ் தரகர்கள் வண்டாக மொய்த்தார்கள். 'சார், உங்க பொண்ணுக்கு சீட் ரெடி' என்றான் ஒருவன். 'அங்கிள்' என்றாள் ஒருத்தி. இரண்டு நாள் முன்னால் ஒருவன், உங்கள் போனுக்கு ஒரு எண் வந்திருக்கும், அதைச் சொன்னால் சீட் உறுதி என்று குழைந்தான். இவர் போனைப் பக்கத்துக் கடைத் தையல்காரரிடம் நீட்டினார். தையல்காரர் படித்துச் சொன்னார், "இதை யாருக்கும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்குண்ணே. சொன்னா பேங்கைத் துடைச்சிடுவான்."

"என் பேங்கைத் துடைக்க அவன் துணி கொண்டு வரணும்" என்று சொல்லி, போனில் காத்திருந்தவனை நாலு வார்த்தை வைதுவிட்டு வைத்தார். அன்று முழுக்க அவருக்கு ஒரு தெம்பு இருந்தது.

கடைசி நாள் மாலை நாலரைக்கு போன் மணியடித்தது. அவர் அரத்தால் ஒரு சாவியின் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். திரையில் அறியாத நம்பர்.

"அப்பா, நான்தான். ஒரு எண் வந்திருக்கும், ஆறு எண். சீக்கிரம் சொல்லு."

பின்னால் ஒரே இரைச்சல். குரல் கட்டியிருந்தது.

"யாரும்மா நீ?"

"விளையாடாதப்பா. பெரியவ பேசறேன். என் போன்ல சார்ஜ் போச்சு, சென்டர்காரர் போன்ல இருந்து பேசறேன். எல்லாம் நிரப்பியாச்சு. அந்த எண்ணைப் போட்டாத்தான் உள்ள போகும்."

"இப்படித்தான் முந்தாநேத்து ஒருத்தன் கேட்டான்."

"அப்பா, பத்து நிமிஷம்தான் அந்த எண் செல்லும்."

"அவனும் அவசரம்னுதான் சொன்னான்."

அவருக்குள் ஏதோ லேசாக அசைந்தது. குரலில் மகளின் சாயல் இருந்தது. ஆனால் அந்த மருந்துக் கடைக் குரலிலும் முதலாளியின் சாயல் இருக்கத்தான் செய்தது. ஆழம் பார்த்துவிடலாம் என்று ஒரு கேள்வி கேட்டார்.

"நீ என் பொண்ணுதான்னா சொல்லு. உங்கம்மா சாகும்போது ஆஸ்பத்திரியில எத்தனாவது கட்டில்?"

பதில் இரைச்சலுக்கு நடுவே வந்தது.

"கட்டில் கிடைக்கலைப்பா. தரையில பாய் போட்டுப் படுக்க வெச்சோம். ஜன்னல் பக்கம்."

சரியான பதில். ஜன்னல்கூடச் சரி. அவர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். எண்ணைச் சொல்ல வாயெடுத்தவர்தான். அப்போது மண்டைக்குள் இன்னொன்று ஓடியது. அந்த ஆஸ்பத்திரியில்தானே பெரியவள் வேலை செய்கிறாள். அவளோடு துணி பிழிகிற பெண்கள் பத்துப் பேர். அம்மா செத்த கதையை அவர்களிடம் சொல்லாமலா இருப்பாள்? கேட்டவர்களில் எவளாவது காசுக்கு விற்றிருந்தால்?

"யாருக்கும் சொல்லாதேன்னு போட்டிருக்கு. யாருக்கும்னா யாருக்கும்தான். நீ பெரியவளா இருந்தா நடந்து வா. போனை உன் கையில கொடுக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. போனைத் திருகாணி டப்பாவுக்குள் போட்டு மூடினார். டப்பா கொஞ்ச நேரம் அதிர்ந்துவிட்டு அடங்கியது.

"எடுத்துப் பேசுங்கண்ணே, நிஜமாவே பொண்ணா இருக்கப் போவுது" என்றார் தையல்காரர், மிதியிலிருந்து காலை எடுக்காமல்.

"பொண்ணா இருந்தா வருவா."

வந்தாள். நாலு ஐம்பத்தொன்றுக்குத் தெருமுனையில் தெரிந்தாள். ஓடி வந்ததில் ஒரு செருப்பு அறுந்து கையில் இருந்தது. போனுக்குக் கை ஏந்தினாள். இவர் டப்பாவைத் திறந்து போனை எடுத்து நீட்டினார். பழைய எண் செத்துப் போயிருந்தது. தையல்காரருடைய போனை வாங்கி, சென்டர்காரர் நம்பருக்குப் போட்டு, அங்கே உட்கார்ந்திருந்த தங்கையைக் கூப்பிடச் சொல்லி, "மறுபடி அனுப்பச் சொல்லு" என்றாள்.

கடைசி நாள் என்பதால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அதே இணையதள வாசலில் முட்டிக்கொண்டிருந்தார்கள். எண் வரவில்லை. பெரியவள் திரையைப் பார்த்தபடியே நின்றாள். வியர்வை மோவாயிலிருந்து சொட்டி திரையில் விழ, துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். நாலு ஐம்பத்தாறு. ஐம்பத்தெட்டு. தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டார்.

ஐந்து மணி ஏழு நிமிடத்துக்கு எண் வந்தது. அதை அவள் தங்கையிடம் படித்தாள். ஆறு எண்களையும் நிதானமாக, ஒவ்வொன்றாகப் படித்தாள். அந்தப் பக்கம் சின்னவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, சரி, வீட்டுக்கு வந்துடு என்று வைத்தாள்.

"என்னாச்சு?" என்றார் பூட்டுக்காரர்.

"மூடிட்டாங்க."

"பாத்தியா, அஞ்சுக்கு முன்னாடி அனுப்பாம ஏழு நிமிஷம் கழிச்சு அனுப்பறான். அவன் மேல தப்பு."

அவள் அறுந்த செருப்போடு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

இரவு மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நாட்காட்டித் தாளைச் சின்னவள் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அடிக்காமல் மிஞ்சிய பெயர் ஒன்றுமில்லை. மற்ற காலேஜ்களில் இன்னும் இடம் இருந்தது, இவர்கள் எட்டாத விலையில்.

"அடுத்த வருஷம் எழுதலாம்" என்றாள் பெரியவள்.

"உங்க சலவைக் கூடத்துல ஆள் எடுக்கறாங்கன்னு சொன்னியே" என்றாள் சின்னவள்.

"அது உனக்கு வேணாம்."

"ஒரு வருஷம்தானேக்கா."

பெரியவள் தன் கையைப் பார்த்தாள். அவளும் அந்த வேலைக்கு ஒரு வருடம்தான் என்று சொல்லிவிட்டுப் போனவள். அதை எடுத்துச் சொல்லாமல் சோற்றைப் பிசைந்தாள். சின்னவள் திங்கட்கிழமை காலை அக்காவோடு கிளம்புவதென்று முடிவானது. யாரும் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்று பூட்டுக்காரருக்குப் பட்டது. சமாதானம் சொல்ல ஒரு வழியாவது இருந்திருக்கும்.

திங்கட்கிழமை விடிந்தது. இரண்டு பேரும் சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்றார்கள். சின்னவளுக்கு அக்காவின் பழைய வேலைச் சட்டை. தோள் தொளதொளவென்று இருந்தது. பூட்டுக்காரரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். கடைவீதியில் ஒரு ஷட்டர் பாதியில் சிக்கி நிற்கிறது என்று காலையிலேயே ஆள் வந்து சொல்லிப் போயிருந்தான்.

"அப்பா, ஒண்ணு கேக்கவா?" என்றாள் பெரியவள். மூன்று நாளில் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

"கேளு."

"அன்னிக்கு போன்ல பேசினது நான்தான். இப்பவாவது நம்பறியா?"

"இப்ப நம்பறேன்."

"அம்மாவைத் தரையில படுக்க வெச்சதைச் சொன்னேன். அப்பவும் நம்பலையா?"

அவர் பை வாரைச் சரிசெய்தார். தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவள் மேற்கொண்டு கேட்கமாட்டாள் என்று தெரிந்தது. அந்த வார்த்தை வரவில்லை. மூன்று நாளாக அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டார். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும், அந்த நேரத்தில், அந்த நம்பரில், அந்த இரைச்சலில், அவர் செய்ததைத்தான் புத்தியுள்ள எவனும் செய்திருப்பான்.

"அப்ப எப்படிம்மா நம்பறது?" என்றார்.

சின்னவள் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டாள். "வாக்கா, நேரமாச்சு."

அவர்கள் பஸ் நிறுத்தத்துப் பக்கம் திரும்பினார்கள். அவர் எதிர்ப்பக்கம் நடந்தார். குழாயடி தாண்டும்போது, அன்று பேசியது அவளாக இல்லாமல் வேறு எவளாகவாவது இருந்திருந்தால் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். கேட்க யாருமில்லை என்றாலும் இன்னொரு முறை சொல்லிக்கொண்டு நடையை எட்டிப் போட்டார்.