ஓர் ஆள் படகு

சஃபியுல்லாவுக்குப் படகு ஆசை வந்ததில் ஆஸியா பீவிக்கு வருத்தம் எதுவும் இல்லை. குவைத்தில் இருபத்தாறு வருஷம் ஏசி பழுது பார்த்துவிட்டு, போன நோன்புப் பெருநாளோடு ஒரேயடியாக ஊர் திரும்பிவிட்ட மனுஷன். சிகரெட் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் அங்கே கடலோரப் பாறைமேல் நின்று தூண்டில் போட்டதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே உல்லாசம். இங்கே அரசலாற்றிலும், ஆறு கடலில் கலக்கிற முகத்துவாரத்திலும் கொடுவா மீன் பிடிக்க ஒரு சின்ன அலுமினியப் படகு வேண்டும் என்றார். தாராளமாக வாங்கிக்கொள்ளட்டும். அவள் வருத்தம் வேறு.

வந்த நாளிலிருந்து அவர் தன் டீயைத் தானே போட்டுக்கொண்டார். குடித்த தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். சட்டையைத் தேய்த்துக்கொண்டார், படுக்கையை மடித்து வைத்தார். தலத்தெருவில் அக்கம்பக்கத்துப் பெண்கள், "குடுத்து வச்சவ நீ" என்று பெருமூச்சு விட்டார்கள். கொடுத்து வைத்தவளுக்கோ எரிச்சல் எரிச்சலாக வந்தது. மாடியில் குடிவைத்த நல்ல ஆள் ஒருவர் இறங்கிவந்து தன் வீட்டில் புழங்குவது போல இருந்தது அவளுக்கு. மகள் நௌஷினைக் கட்டிக்கொடுத்தாயிற்று, இனிமேல் பேச்சுத் துணைக்கு இவர் இருப்பார் என்று நம்பியிருந்தாள். ஆள் இருந்தார், பேச்சுதான் இல்லை. ஆற்றுக்காவது தன்னைக் கூட்டிப் போகமாட்டாரா என்று மனசுக்குள் கிடந்து அடித்துக்கொண்டது. வாய்திறந்து கேட்க ரோஷம் விடவில்லை.

ஒரு மாதமாகப் போனும் கையுமாகத் திரிந்தார். தகடு இரண்டு மில்லியா மூன்று மில்லியா, மூட்டுகள் வெல்டிங்கா ரிவெட்டா, உப்புத் தண்ணீர் அரிக்குமா என்று படகு விஷயத்தில் மட்டும் வாய் ஓயவில்லை. நிக்காஹுக்கு முன்னால் தன்னைப் பற்றிக்கூட இவ்வளவு விசாரித்திருக்கமாட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு ஆற்றங்கரையில் இருந்த பஞ்சநாதனின் பட்டறைக்குக் கிளம்பினார். "நானும் வர்றேன். வீட்டுல உக்காந்து என்ன பண்ண?" என்று ஆஸியா பீவி ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள்.

பஞ்சநாதன் பட்டறை வாசலில் இரண்டு படகுகளைப் போட்டிருந்தார். ஒன்று பத்தடி, ஒடுக்கமானது. மற்றது பன்னிரண்டடி, தட்டையான அடிப்பாகம், நல்ல அகலம்.

"எத்தனை பேரு போவீங்க பாய்?"

"ஒரு ஆளுதான்."

யோசிக்கவே இல்லை மனுஷன். அவள் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்ப இந்தப் பத்தடி போதும். முப்பத்தஞ்சு கிலோதான். பின்னால சக்கரம் வச்சிருக்கேன், முன்பக்கத்தத் தூக்கிப் பிடிச்சு நீங்களே இழுத்துட்டுப் போயிடலாம். ஒத்தாசைக்கு யாரையும் கூப்பிட வேணாம்."

யாரையும் கூப்பிட வேண்டாம் என்றதும் சஃபியுல்லாவின் முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படகை ஆற்றில் இறக்கினார்கள். அவர் துடுப்போடு பின்பக்கம் போய் உட்கார்ந்தார். உடனே முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. முகத்துவாரத்துப் பக்கமிருந்து வந்த காற்று, தூக்கி நின்ற முனையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பியது. தூண்டில் வீச வாகாக இருக்குமா என்று பார்க்க எழுந்து நின்றார். குவைத்துப் பாறை ஆடாது, படகு ஆடும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். ஆஸியா பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஒத்த ஆளா போனா அப்படித்தான் பாய்," என்று பஞ்சநாதன் கரையிலிருந்து கத்தினார். "முன்னால ஒரு மணல் மூட்டைய வச்சுக்கிட்டா சமமா நிக்கும்."

"மணல் மூட்டை எதுக்கு? அறுபத்தெட்டு கிலோவுல நான் ஒருத்தி நிக்கிறேனே."

சொன்னது தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, பஞ்சநாதன் இழுத்துப் பிடித்த படகில் முன்பக்கமாக ஏறி உட்கார்ந்தாள். படகு சமமாயிற்று. ஆனால் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரற்கடைதான் மிஞ்சியது.

"ரெண்டு பேருக்கு இது ஆகாதுக்கா. காத்தடிச்சா தண்ணி உள்ள வந்துடும்."

"அவ சும்மா ஏறுனா," என்றார் சஃபியுல்லா. "எனக்கு இதுவே போதும்."

"சும்மா ஒண்ணும் ஏறல," என்றாள் அவள். "நானும் வரணும்னுதான் ஏறுனேன். வீட்டுல நீங்க ஒரு மூலை, நான் ஒரு மூலை. ஆத்துக்கும் தனியாத்தான் போவீங்களா? என்னதான் நெனச்சிருக்கீங்க?"

பஞ்சநாதன் நாசூக்கான ஆள். படகுக் கயிற்றைக் கரையிலிருந்த முளையில் கட்டிவிட்டு ஏதோ தேடுவது போலப் பட்டறைக்குள் போனார்.

சஃபியுல்லா துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இருபத்தாறு வருஷம் உன்னத் தனியா விட்டுட்டுப் போனேன். புள்ளைக்குக் காய்ச்சல்னா நீ, உம்மா மவுத்தாகி அடக்கம் பண்ணுனப்போ நீ. இப்ப வந்து உக்காந்துக்கிட்டு அதக் கொண்டா, இதச் செய்யி, கூட வான்னு கேக்க எனக்கு என்ன மூஞ்சி இருக்கு? உனக்குப் பாரமா இருந்துடக்கூடாதுன்னுதான் பாத்தேன்."

இத்தனை மாதமாக அலட்சியம் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தது இதுதானா? அவளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"கேளுங்க. நீங்க கேட்டாத்தானே நான் முடியாதுன்னாவது சொல்ல முடியும்?"

கரையேறியதும் சஃபியுல்லா பத்தடிப் படகைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே பன்னிரண்டடியிடம் போனார். சத்தம் ஓய்ந்ததைக் கவனித்துப் பஞ்சநாதனும் வெளியே வந்தார்.

"இது அறுபது கிலோ பாய், சக்கரமும் கிடையாது. ஒத்த ஆளா நகத்தவே முடியாது, பாத்துக்குங்க."

"பரவால்ல," என்று சஃபியுல்லா பின்பக்கத்தைப் பிடித்தார். "ஆஸியா, அந்தப் பக்கத்தக் கொஞ்சம் தூக்கு."

ஊருக்கு வந்ததிலிருந்து அவர் அவளிடம் சொன்ன முதல் வேலை அது. அவள் தூக்கினாள். படகு தரையை விட்டுக் கிளம்பியது. நாலு எட்டு நடந்ததும் தகட்டின் விளிம்பு உள்ளங்கையை அறுக்க, "இருங்க, கை வலிக்குது" என்றாள். இறக்கி வைத்தார்கள். அவர் வந்து அவள் கையைப் பிரித்துப் பார்த்தார். வரிவரியாகச் சிவந்திருந்தது.

"முன்னால ஒரு கைப்பிடி வச்சுக் குடுத்துடுங்க," என்றார் பஞ்சநாதனிடம்.

"எந்த உயரத்துல பாய் வைக்க?"

"அவளக் கேளுங்க. அவதான் பிடிக்கப்போறா."

ஆஸியா பீவி குனிந்து, கைக்குத் தோதான இடத்தைத் தொட்டுக் காட்டினாள். பஞ்சநாதன் சாக்பீஸால் அங்கே ஒரு கோடு போட்டார். அவள் இன்னொரு முறை பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு விரற்கடை கீழே இறக்கச் சொன்னாள்.